தலையெழுத்து அல்ல
(மட்டக்குளிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

கொழும்பில் வேலை செய்யும் தோட்டத்துப் பிள்ளைகளே,

கொழுந்து நிறுக்கும்போது கிலோவைக் குறைத்தால், "பேசி என்ன பிரயோசனம், நம்ம தலையெழுத்து" என்று அம்மாமார் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது கோழைத்தனம் அல்ல. 1967இல் அமெரிக்காவில் மார்ட்டின் செலிக்மனும் கூட்டாளிகளும் நாய்களுக்குத் தப்ப முடியாதபடி மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். பிறகு தாழ்ந்த தடுப்பைத் தாண்டினாலே தப்பலாம் என்றிருந்தும் பல நாய்கள் படுத்தே கிடந்தன. இதற்குப் பெயர் 'கற்றுக்கொண்ட இயலாமை'. பலமுறை இழுத்து மறுபக்கம் காட்டிய பிறகு அவை தாமாகவே தாண்டின.

நமக்கும் மறுபக்கம் தெரியும். 1984 வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான் தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் வந்தது. அதுவரை அதுவும் தலையெழுத்துத்தான்.

தீபாவளிக்கு லயத்துக்குப் போகும்போது சொல்லுங்கள்: தராசைப் பார்த்து, கிலோவைக் கொப்பியில் எழுதட்டும். குறைந்தால் நாலு பேராகத் தலைவரிடம் போகட்டும். சின்னதில் வென்றால்தான் பெரியதைக் கேட்க வாய் வரும்.