கிறீச்சிடும் வண்டிக்கு ஏற்ற மசகு

மாட்டு வண்டி ஓட்டியவர்கள் மசகின் அருமையை நன்கு உணர்ந்தவர்கள். வைக்கோலைக் கரியாக்கி, விளக்கெண்ணெயில் குழைத்து, அச்சுக்கும் குடத்துக்கும் இடையே தடவிய பின்னரே நெடுவழி புறப்படுவார்கள். அதற்கு வண்டி மை என்று பெயர். அந்த வண்டியில் ஓசை எழும் இடம் பெரும்பாலும் ஒன்றே. ஆதலால் மையும் ஒன்றே போதுமாயிருந்தது. மோட்டார் வண்டியின் நிலை வேறு. கதவுக் கீலும் ஓசையிடுகிறது, ஸ்பிரிங் பட்டையும் ஓசையிடுகிறது, ரப்பர் புஷ்ஷும் முனகுகிறது, பிரேக்கும் அலறுகிறது. இவை அனைத்திற்கும் கையில் அகப்பட்ட ஓர் எண்ணெயை ஊற்றி அமைதி தேடும் வழக்கம் நம்மிடையே இன்னும் இருந்து வருகிறது. அது சரியன்று, ஓரிடத்தில் உயிருக்கே கேடு.

கேரளத்தின் கிழக்கெல்லையில் வாழும் நமக்கு இச்செய்தி மிகவும் வேண்டப்படுவது. வாளையாறு, கோபாலபுரம், கோவிந்தாபுரம் ஆகிய பாலக்காட்டு எல்லைப் பகுதிகளில் கணவாய்க் காற்று புழுதியை வாரி இறைக்கிறது. கோடையில் வெப்பம் 40 டிகிரியை எட்டுகிறது. இடுக்கி எல்லையிலோ போடிமெட்டும் கம்பம்மெட்டும் குமுளியும் மழையிலும் மஞ்சிலும் நனைந்து கிடக்கின்றன. மூணாற்றில் மார்கழி, தை மாதங்களில் சில நாட்கள் உறைபனியும் விழுவதுண்டு. போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் விடியுமுன் ஏலத்தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு புறப்படும் ஜீப்புகள், ஒரே நாளில் சமவெளியின் வெப்பத்தையும் மலையின் ஈரத்தையும் காண்கின்றன.

முதலில் தேங்காய் எண்ணெயைப் பற்றிச் சொல்லிவிடுவோம். கீல் முனகினால் அடுக்களைக்குச் சென்று அதைத்தான் எடுத்து வருகிறோம். ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். சித்தூரில் நீராக ஓடிய எண்ணெய் மூணாற்றில் வெண்ணெயாகிவிடுகிறது. நல்லெண்ணெயோ நாளடைவில் காற்றுப்பட்டுப் பிசுக்காகிறது. அப்பிசுக்கில் கணவாய்ப் புழுதி படிந்தால் மசகு உப்புத்தாளாக மாறுகிறது. சமையலுக்குரியது சமையலுக்கே ஆகட்டும்.

அடுத்து, டப்பாவிலிருந்து பீய்ச்சும் மெல்லிய எண்ணெய்கள். இவற்றுள் பெயர் பெற்ற டபிள்யூ.டி. 40 என்பது 1953இல் அமெரிக்காவின் சான்டியாகோ நகரில் உருவானது. நீரை விலக்குவதற்கான நாற்பதாவது முயற்சி என்பதே அப்பெயரின் பொருள். நனைந்த பூட்டிலிருந்து ஈரத்தை விரட்டவும், துருப்பிடித்த திருகை இளக்கவும் அது நல்ல துணை. ஆனால் அதிலுள்ள கரைப்பான் விரைவில் ஆவியாகிவிடும். எஞ்சுவது மெல்லிய எண்ணெய்ப் படலமே. ஆதலால் கீலை அதனால் கழுவித் துடைத்த பிறகு, வெள்ளை லித்தியம் கிரீஸைச் சிறிதளவு இடுவதே முறை. லித்தியம் கிரீஸ் எளிதில் நீரில் கரைவதில்லை. வெயிலில் உருகி வழிவதுமில்லை. சாவி நுழையும் துளைக்கு மட்டும் உலர்ந்த கிராஃபைட் பொடி ஏற்றது. அது புழுதியை இழுத்து வைத்துக்கொள்வதில்லை.

ரப்பரின் இயல்பு தனி. ரப்பர் விளையும் நாட்டில் வாழும் நமக்கு, பெட்ரோலிலும் மண்ணெண்ணெயிலும் ரப்பர் ஊதி இளகும் என்பது புதிய செய்தியன்று. இருந்தும், ஜீப்பின் அடிப்பாகம் முழுவதும் பழைய எஞ்சின் எண்ணெயை அடித்துவிட்டால் ஓசை நின்றுவிடும் என்று நம்புவோர் பலர். ஓசை சில நாள் நிற்கிறது. பிறகு புஷ் ஊதிச் சிதைகிறது. ரப்பருக்கு உகந்தது சிலிகோன் மசகே. ஓசை ரப்பரிலிருந்து வருகிறதா என்று அறிய எளிய வழி உண்டு. ஒருவர் வண்டியை அசைக்க, மற்றொருவர் ஐயத்திற்குரிய புஷ்ஷின்மேல் சிறிது நீர் ஊற்றட்டும். ஓசை சற்று நேரம் அடங்கினால் குற்றவாளி அதுவேயாகலாம். முன்னோர் வண்டி மைக்குக் கொண்ட விளக்கெண்ணெய் இயற்கை ரப்பரைக் கெடுப்பதில்லை என்பதையும் இங்கே குறிப்பிடலாம். தொடக்கக் காலப் பிரேக் எண்ணெய்களில் அது கலந்திருந்தது.

ஸ்பிரிங் பட்டைகளின் இடையே மண் புகுந்திருந்தால் மசகிடுமுன் கம்பித் தூரிகையால் தேய்த்துக் கழுவிக் காயவைக்க வேண்டும். பின்னர் கிராஃபைட் கலந்த கிரீஸை இடலாம். அது புஷ்ஷின்மேல் வழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பட்டைகளுக்கிடையே பிளாஸ்டிக் தகடு வைத்த புதிய வண்டிகளுக்கு இது வேண்டுவதில்லை.

இனி, முன்னே குறித்த அந்த ஓரிடம். பிரேக் உராய்ந்தே வண்டியை நிறுத்துகிறது. மசகோ உராய்வைக் கொல்லப் பிறந்தது. போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. அங்கே இறங்கும் வண்டியின் பிரேக் கட்டையில் எண்ணெய் பட்டிருந்தால், ஒரு சக்கரம் பிடிக்க மறுசக்கரம் வழுக்கி, வண்டி ஒருபுறம் இழுக்கும்.

பிரேக்கின் ஓசை பல வேளைகளில் ஓர் அறிவிப்பு. டிஸ்க் பிரேக் கட்டைகள் பலவற்றில் ஒரு சிறு எஃகு நாக்கைப் பொருத்தியிருக்கிறார்கள். கட்டை தேய்ந்து முடியும் தறுவாயில் அது வட்டைத் தொட்டுக் கத்தும். கத்துவதற்கென்றே அதை வைத்தார்கள். எண்ணெயிட்டு அதன் வாயை அடைப்பது, காவற்காரனுக்கு மயக்க மருந்து கொடுப்பதை ஒக்கும். மழைநாட் காலையில் முதல் சில மிதிப்புகளில் மட்டும் எழும் ஓசை, இரவில் படிந்த இளந்துருவினுடையது. அது தானே தேய்ந்து போகும். நெடுந்தூரம் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் கட்டை சூடேறிப் பளபளத்துக் கத்தும். ஏறிய கியரிலேயே இறங்கும் பழைய ஓட்டுநர் வழக்கம் இதற்கு நல்ல மாற்று.

டிஸ்க் பிரேக்கின் வழுக்கும் ஊசிகளுக்கும் கட்டையின் முதுகுப் புறத்திற்கும் உரிய சூடு தாங்கும் கிரீஸ் தனியே கிடைக்கிறது. அதைப் பயிற்சி பெற்ற மெக்கானிக் துளியளவே இடுவார். கட்டையின் முகத்தில் எண்ணெய் ஊறிவிட்டால் பெட்ரோலில் கழுவுவதும் தீயில் வாட்டுவதும் பயன் தரா. கட்டையை மாற்றவே வேண்டும். அதுவும் ஒரு சக்கரத்திற்கு மட்டுமன்றி, அதே அச்சின் மறுசக்கரத்திற்கும் சேர்த்து மாற்ற வேண்டும்.