பத்தாவது ஆள்

தனிமரம் தோப்பாகாது என்பது நம் பழமொழி. யூதர்களின் சமய வாழ்வும் இவ்வுண்மையின்மீதே எழுப்பப்பட்டிருக்கிறது. எபிரேய மொழியில் 'கெஹிலா கெதோஷா' என்றொரு தொடர் உண்டு. 'புனிதச் சமூகம்' என்பது அதன் பொருள். நெடுங்காலமாக யூதர்கள் தம் ஊர்ச்சபைகளை இப்பெயரால் வழங்கி வந்துள்ளனர். குழந்தைப் பருவம் நீங்கியும் முதிர்ச்சி எய்தாத வளரிளம் பருவத்தினர் உள்ளத்தில் இவ்வுணர்வை ஊன்றுவது எங்ஙனம்? அதனையே இன்று சிறிது ஆராய்வோம்.

புனிதம் என்றதும் உலகைத் துறந்து தவம் இயற்றும் முனிவரே நம் நினைவுக்கு வருவார். ஆனால் யூதர் மறையாகிய தோராவில், லேவியராகமத்தின் 19-ஆம் அதிகாரம் வேறொன்றைக் காட்டுகிறது. புனிதமாக வாழும் கடமை அங்கே தனி ஒருவருக்கன்றி, மக்கள் திரள் முழுவதற்கும் விதிக்கப்படுகிறது. அதனைத் தொடர்ந்து வரும் விதிகள் யாவை? வயலோரத்துக் கதிரை ஏழைகளுக்கு விட்டுவைத்தல். கூலியாளின் கூலியை மறுநாள்வரை நிறுத்தி வையாமை. அளவிலும் எடையிலும் வஞ்சம் செய்யாமை. மனிதர் ஒருவரோடொருவர் நடந்துகொள்ளும் முறையிலே புனிதம் விளைகிறது என்பது இதன் கருத்து.

இக்கருத்தை இளைஞருக்கு உணர்த்தும் சிறந்த கருவி 'மின்யான்' என்னும் எண்ணிக்கை. முக்கியமான கூட்டு வழிபாடுகளுக்கு வயது வந்தோர் பதின்மர் வேண்டும். பழைய மரபைப் பேணும் சபைகளில் ஆண்களை மட்டுமே எண்ணுவர். சீர்திருத்தச் சபைகள் முதலியவற்றில் பெண்களையும் எண்ணுவர். பையன் 13 வயது நிறைந்ததும் இக்கணக்கில் சேர்கிறான்.

துக்க வீடு ஒன்றைக் கற்பனை செய்து பாருங்கள். தந்தையை இழந்தவர் 'கடிஷ்' என்னும் துதியைச் சொல்லவேண்டும். அதற்கும் பதின்மர் தேவை. வந்திருப்பவர்களோ ஒன்பதின்மர். அனைவரும் கற்றறிந்த பெரியோராயினும் எண்ணிக்கை நிறையவில்லை. அடுத்த தெருவிலிருந்து பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் வந்து நிற்கிறான், துதி தொடங்குகிறது. தான் இல்லையேல் இது நடந்திராது என்று அவன் அறிகிறான். பல சொற்பொழிவுகள் கற்பிக்க இயலாததை அந்த ஒரு கணம் கற்பித்துவிடுகிறது.

எனினும் இடர்ப்பாடும் உண்டு. வயது வந்ததைக் கொண்டாடும் 'பார் மிட்ஸ்வா' விழாவோடு சமயக் கல்வி முடிந்துவிட்டதாக எண்ணி விலகிவிடுவோர் பலர். இரண்டாம் உலகப் போரின்போது ஐரோப்பிய யூதர்கள் அறுபது இலட்சம் பேர் நாஜிகளால் கொல்லப்பட்டனர். பெரும் கல்விக் கூடங்களும் அழிந்தன. அதன்பின் அமெரிக்க யூதர்கள் தம் இளைஞரைத் தாமே பயிற்றவேண்டிய பொறுப்பை உணர்ந்தனர். 1947-ஆம் ஆண்டு விஸ்கான்சின் மாநிலத்தில் 'ராமா' என்னும் கோடை முகாம் தொடங்கப்பெற்றது. அங்கே எபிரேய மொழி அன்றாட வழக்காயிற்று. படிப்பும் விளையாட்டும் வழிபாடும் ஒரே வாழ்வாக இணைந்தன. வெள்ளி மாலை விளக்கேற்றி ஓய்வுநாளை வரவேற்பதும், சனி இரவு விண்மீன் தோன்றியபின் பின்னல் மெழுகுவத்தியும் நறுமணப் பொருளும் கொண்டு வழியனுப்புவதும் இத்தகைய முகாம்களில் இளைஞர்களே முன்னின்று செய்யும் பணிகள்.

ஆனால் நெருங்கிய நட்புக் கூட்டமெல்லாம் புனிதச் சமூகம் ஆகிவிடாது. சிலர் கூடி மகிழும்போது, ஒருவன் மட்டும் உணவு மேசையின் ஓரத்தில் தனித்து அமர்ந்திருக்கலாம். அவனைக் குறித்து நகைப்பும் எழலாம். பலர் முன்னிலையில் ஒருவரை நாணச் செய்வதைக் கொலைக்கு நிகரான குற்றமாகத் தால்முத் கருதுகிறது. ஆகவே பாடலின் இனிமையன்று, தனித்திருப்பவனை யார் அழைக்கிறார்கள் என்பதே அச்சமூகத்தின் உரைகல்.

இளைஞனிடம், "நீ நல்லவனாக இரு" என்று சொல்வது எளிது. "நீ வராமல் நாங்கள் தொடங்க முடியாது" என்று சொல்லி, அவன் வரும்வரை காத்திருப்பது அரிது. அவ்வாறு காத்திருக்கும் ஒன்பதின்மர் உள்ள இடத்திலேதான் பத்தாவது ஆள் உருவாகிறான்.