கருவியில் ஏறாத தமிழ் வலையில் வாழாது
(மேல்சித்தாமூரில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்துவடிவம்)

  

திண்டிவனத்திற்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட இம் மேல்சித்தாமூர், தமிழ்ச் சமணர்தம் தலைமை மடமாகிய சினகாஞ்சி மடம் நிலைபெற்ற ஊர். சமணச் சான்றோர் தமிழுக்கு ஆற்றிய பணியை நினையாமல் இம் மண்ணில் நின்று தமிழ் பேசுதல் நன்றியறிதல் ஆகாது. அவர்கள் காப்பியங்களோடு நின்றாரல்லர். கருவிநூல்களையும் ஆக்கித் தந்தனர். பவணந்தியார் நன்னூல் செய்தார். அமிதசாகரர் யாப்பருங்கலம் செய்தார். குணவீர பண்டிதர் நேமிநாதம் செய்தார். மண்டலபுருடர் சூடாமணி நிகண்டு செய்தார்.

கருவிநூல் என்பது யாது? பிறர் நூல் செய்தற்குத் துணைநிற்கும் நூல். பா எழுதப் புகுவான் ஒவ்வொரு சொல்லையும் புதிதாகத் தேடி அலைவதில்லை. நிகண்டு தொகுத்து வைத்திருக்கிறது, எடுத்துக்கொள்கிறான். சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி, ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களை எதுகை முறையில் அடுக்கித் தருகிறது. திண்ணைப் பள்ளி மாணவர் அதனை நெஞ்சில் ஏற்றிக்கொண்டனர். தேடுவதற்கும் நினைவிற் கொள்வதற்கும் ஏற்ற அமைப்பு அது!

இற்றை நாளில் நூல்கள் ஓலையில் மட்டுமோ, தாளில் மட்டுமோ இல்லை. இணையத்தில் வலைப்பக்கங்களாக விரிகின்றன. அவற்றை அமைப்போரும் ஒவ்வொன்றையும் அடியிலிருந்து எழுதுவதில்லை. பிறர் எழுதித் தொகுத்து வைத்த நிரல்களை எடுத்தாள்கின்றனர். அத் தொகுப்பை நிரலகம் என்போம். 2006-இல் வெளிவந்த ‘சேக்குவெரி’யும் 2011-இல் வெளிவந்த ‘பூட்சுட்ராப்பு’ம் அத்தகையன, உலகெங்கும் எண்ணற்ற வலைத்தளங்கள் அவற்றின்மேல் எழுந்தன. நிகண்டு புலவனுக்கு எதுவோ, நிரலகம் வலையமைப்பானுக்கு அது.

ஈண்டு ஒன்றை ஊன்றி நோக்குதல் வேண்டும். நிகண்டில் இல்லாத சொல் பாட்டில் ஏறுவது அரிது. அதுபோல், நிரலகம் அறியாத மொழி வலைப்பக்கத்தில் ஊனமுற்றே தோன்றும்.

‘தமிழ்’ என்னும் சொல்லில் எத்தனை எழுத்து? மூன்று என்று முதல் வகுப்புச் சிறுவனும் சொல்வான். ஆனால், வலைப்பக்கத்தை இயக்கும் நிரலின் எளிய எண்ணிக்கைக் கட்டளை ஐந்து என்று விடைதரும். தகரம், மகரம், இகரக் கொக்கி, ழகரம், புள்ளி என அது தனித்தனியே எண்ணுகிறது. அதனால் விளையும் கேடு என்ன? இடம் போதாமையால் நான்கோடு வெட்டுக என்று நிரல் எழுதினால், ‘தமிழ்’ என்பது ‘தமிழ’ என்றாகிவிடும். புள்ளி வீழ்ந்தது, மொழியின் பெயரே சிதைந்தது! ‘பொன்மொழி’ என்னும் நான்கெழுத்துப் பெயரை அது எட்டாக எண்ணும். படிவத்தில் தம் பெயரை முழுதும் எழுத முடியாமல் நிற்கும் தமிழர், குறை தம் பெயரில் உள்ளதென்று மயங்குவர். குறை கருவியைக் கையாண்டவனிடத்தில் உள்ளது.

அகரவரிசைக்கு வருவோம். தமிழ் நெடுங்கணக்கு அகரத்தில் தொடங்கி னகரத்தில் முடிவது. தொல்காப்பியர் காலத்திலேயே உறுதிப்பட்ட முடிபு இது. ஆனால், ஒருங்குறியின் எண் வரிசைப்படி சொற்களை அடுக்கினால் னகரம் நகரத்திற்கும் பகரத்திற்கும் இடையிற் புகுந்துவிடும். றகரம் ரகரத்தை ஒட்டிக்கொள்ளும். ழகரம் வகரத்தை முந்தும். ‘கவண்’ முன்னும் ‘கழல்’ பின்னும் வரவேண்டிய அகராதியில் ‘கழல்’ முன்னே நிற்கும். 

இக் குழப்பம் எங்கிருந்து வந்தது? 1991-இல் வெளிவந்த ஒருங்குறி, இந்திய மொழிகளுக்காக 1988-இல் வகுக்கப்பட்ட குறியேற்றத்தை அடியொற்றியது. அதுவோ, தேவநாகரி வைப்புமுறையை எல்லா மொழிக்கும் பொதுவாக்கியது. தமிழுக்கு ஒதுக்கிய 128 இடங்களில், வடவெழுத்திற்கு நேரான எழுத்துத் தமிழில் இல்லாத இடங்கள் வெற்றிடங்களாகக் கிடக்கின்றன. மெய்யோடு உயிர் சேர்ந்து உயிர்மெய் ஆதல் தமிழ் இலக்கணம். அங்கோ உயிர்மெய்யின்மேல் புள்ளியிட்டு மெய் ஆக்கப்படுகிறது. தமிழர் மேசையில் இல்லாதபோது தமிழுக்கு இலை போட்டவர் பிறர்!

இவற்றைச் சொல்லிப் புலம்புவதோடு நின்றால் பயனில்லை. இவற்றை நேர்செய்யும் கருவிகள் இன்று உள்ளன என்பதை இளைஞர் அறிதல் வேண்டும். உலாவிகளிலேயே எழுத்துப் பகுப்புக் கருவி ஒன்று அமைந்துள்ளது. 2024 முதல் முதன்மையான உலாவிகள் அனைத்திலும் அது கிடைக்கிறது. அதனிடம் கேட்டால் ‘தமிழ்’ மூன்றெழுத்து என்றே சொல்லும். தமிழ் முறைப்படி சொற்களை அடுக்கும் வரிசைக் கருவியும் உலாவியிலேயே உண்டு. பட்டியல்களுக்குத் தமிழ் எண்களை இடுக என்று ஒரே வரியில் ஆணையிடவும் பக்க வடிவமைப்பு மொழியில் வழி உள்ளது. பக்கத்தின் தலைப்பில் ‘டி’, ‘ஏ’ என்னும் இரண்டு உரோமன் எழுத்துகளால் இது தமிழ் என்று குறித்துவிட்டால், படித்துச் சொல்லும் கருவி கண்பார்வையற்றோர்க்கு அதனைத் தமிழாகவே ஒலித்துக் காட்ட வழி பிறக்கும். அவ் விரண்டு எழுத்தை இடாமல் தமிழ்ப் பக்கத்தை ஆங்கிலப் பக்கம் என்று பொய்க்குறி இட்டு வைத்திருக்கும் தளங்கள் பலப்பல.

தமிழரே ஆக்கிய கருவிகளும் உள. முத்து அண்ணாமலையும் தோழர்களும் வளர்த்த ‘ஓப்பன் தமிழ்’ என்னும் நிரலகம், சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரிக்கும், உயிர்மெய்யை மெய்யும் உயிருமாகப் பகுக்கும், அகரவரிசைப்படுத்தும். நன்னூல் எழுத்ததிகாரம் நிரலாகிக் கைக்கு எட்டுகிறது எனலாம். ‘எழில்’ என்னும் நிரல்மொழி, கட்டளைச் சொற்களையே தமிழில் கொண்டது. தட்டெழுத்திற்கு, 1999-இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டின் வழி வந்த ‘தமிழ்99’ விசைப்பலகை உண்டு. ககரத்தை இருமுறை தட்டினால் முன்னதற்குப் புள்ளியைத் தானே இட்டுக்கொள்ளும் அறிவுடையது அது. ‘எ-கலப்பை’ என்னும் உள்ளிடு கருவி கட்டணமின்றிக் கிடைக்கிறது. எழுத்துருக்களில் ‘மீரா இனிமை’, ‘பவனம்’ போன்றவை எவரும் விலையின்றி எடுத்தாளத்தக்கவை. ‘காட்டமரான்’ என்றோர் எழுத்துரு. கட்டுமரம் என்னும் நம் சொல்லை ஆங்கிலர் திரித்து வழங்கிய வடிவம் அது. பெயர் திரிந்து சென்றாலும் தமிழெழுத்தைச் சுமந்து திரும்பி வந்திருக்கிறது!

தமிழெழுத்தைத் திரையில் கொக்கியும் கொம்பும் பிறழாமல் பொருத்திக் காட்டும் பணியைக் குரோம், பயர்பாக்சு ஆகிய உலாவிகளுள் ‘ஆர்ஃபுபசு’ என்னும் நிரலகம் செய்கிறது. அப் பெயர் பாரசீக மொழிச் சொல். ஆக்குவதில் முன்னின்றவர் ஈரானில் பிறந்தவர். உலகெல்லாம் ஆளும் கருவிக்குத் தம் தாய்மொழியில் பெயரிட அவர் நாணவில்லை. தமிழன் மட்டும் ஏன் நாணவேண்டும்?

அண்மை வரலாறு இரண்டு பாடங்களைத் தருகிறது. தமிழின் எல்லா எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் தரும் 16 துண்மி அனைத்தெழுத்துக் குறியேற்றத்தைத் தமிழ்நாட்டரசு 2010 சூனில், ஒருங்குறியோடு மாற்று முறையாக ஏற்று ஆணையிட்டது. இலக்கணத்திற்கு இயைந்த முறை அது. ஆயினும் உலாவிகளும் நிரலகங்களும் அதனை மேற்கொள்ளவில்லை. வலையில் அது வேரூன்றவும் இல்லை. ஆணை இருந்தது; கருவி இல்லை. அதே 2010-இல் தமிழ்க் கட்டத்திற்குள் கிரந்த எழுத்துகளைப் புகுத்தும் முன்மொழிவு எழுந்தபோது, தமிழ்நாட்டரசும் தமிழறிஞர்களும் எதிர்த்து நின்றனர். 2014-இல் கிரந்தம் தனக்கெனத் தனிக் கட்டமே பெற்றது. தமிழ்க் கட்டம் கலப்புறாது நின்றது. விழிப்பு இருந்த இடத்தில் காப்பும் இருந்தது.

இயக்கத்தார்க்கும் ஒன்று சொல்லல் வேண்டும். மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் நெறி நூறாண்டு கடந்துவிட்டது. பாவாணர் வேர்ச்சொல் கண்டார். உலாவி, எழுத்துரு, நிரல், விசைப்பலகை என நல்ல சொற்கள் பிறந்துள்ளன. ஆனால், சொல்லாக்கத்தோடு கடமை முடிந்ததென்று அமர்ந்துவிட்டோர் பலர். உலாவி என்று பெயர் வைத்தவர், அவ் வுலாவிக்குள் தமிழ் எண்ணப்படும் முறையைத் திறந்து பார்த்தாரா? கருவிக்குப் பெயரிடுவது பாதிப் பணி. கருவி செய்வது மறுபாதி.

ஆகவே இளைஞர்களே! நிரலகங்கள் பல திறமூலமாகக் கிடக்கின்றன. பிழை கண்டால் முறையிடலாம். திருத்தமும் எழுதி அனுப்பலாம். நல்ல திருத்தம் ஏற்கப்படும். திண்டிவனத்துக் கடைக்காரர் தளம் அமைத்துத் தரக் கேட்டால், தமிழ்ப் பக்கத்தை முதற் பக்கமாக வையுங்கள். எழுத்தெண்ணும் இடத்தில் எழுத்தையே எண்ணுங்கள். தமிழாசிரியர்களே! இலக்கணம் கற்ற மாணவனையும் நிரல் கற்ற மாணவனையும் ஒரே திண்ணையில் அமர்த்துங்கள். புணர்ச்சி விதியை ஒருவன் சொல்ல மற்றவன் நிரலாக்கட்டும்.

அன்று இந் நாட்டுச் சமணச் சான்றோர் பிறர் பாட்டெழுதுவதற்காக நிகண்டு செய்து தந்தனர். இன்று பிறர் வலைப்பக்கம் அமைப்பதற்காகத் தமிழ் நிரலகம் செய்து தருவோரே அவர்தம் வழித்தோன்றல்கள்.

கருவி செய்வோம்! தமிழ் செய்வோம்! வாழ்க தமிழ்!