சென்னைக் கடற்கரையிலே



ஒரு நகரத்தின் செல்வத்தை அறிய விரும்புவோர் அதன் கடைத்தெருவுக்குச் செல்லலாம். அதன் கல்வியை அறிய விரும்புவோர் நூல்நிலையத்துக்குச் செல்லலாம். அந்நகர மக்கள் ஒருவரோடொருவர் எவ்வாறு கூடி வாழ்கின்றனர் என்பதை அறியவேண்டுமாயின், அவர்கள் மாலை வேளையில் ஒன்றுசேரும் பொதுவெளிக்கே செல்லவேண்டும். சென்னை மாநகருக்கு அத்தகைய பொதுவெளியாக அமைந்திருப்பது மெரீனாக் கடற்கரை. பாடசாலை விடுமுறையின்போது சில நாள்கள் அந்நகரிலே தங்கி, காலையிலும் மாலையிலும் அங்கு சென்று கண்டவற்றுட் சிலவற்றை இன்று உங்களுக்குக் கூற விழைகின்றேன்.

கூவம் ஆறு கடலோடு கலக்குமிடத்துக்கு அண்மையிலுள்ள நேப்பியர் பாலந் தொடங்கி, தெற்கே வெளிச்சவீடு வரை ஏறத்தாழ 3 கிலோமீற்றர் நீளத்துக்கு உலாச்சாலை செல்கின்றது. நாம் வெளிச்சவீடு என்பதைச் சென்னையார் கலங்கரை விளக்கம் என்பர். சாலையினின்றும் இறங்கி அலையை அடைவதற்குள் கால் சலித்துவிடுகின்றது. மணல் அவ்வளவு அகலம். இம்மணல் முழுவதும் தொன்றுதொட்டு அங்கே கிடந்ததன்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே துறைமுகத்துக்கெனக் கடலினுள்ளே கற்சுவர்கள் எழுப்பப்பட்டன. அக்கரையோரத்தில் ஆண்டின் பெரும்பகுதியிலும் நீரோட்டம் மணலைத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கிச் சுமந்துசெல்லும். சுவர் வழிமறிக்கவே, தென்புறத்தில் மணல் தங்கிப் பரந்தது. வடபுறத்து இராயபுரப் பகுதியோ மணல் வரவின்றிக் கடலால் அரிப்புண்டது. தெற்கே உலாவுவோர் பெற்ற மணல், வடக்கே வாழ்வோர் இழந்த கரையாகும்.

1880களிலே சென்னையின் ஆளுநராயிருந்த கிராண்ட் டஃப் என்பவரே இங்கு உலாச்சாலை அமைத்து, அதற்கு இத்தாலிய மொழியிலிருந்து மெரீனா என்னும் பெயரையும் சூட்டினார். ஆங்கில ஆட்சியாளரின் விருப்பத்தால் எழுந்த அச்சாலை, இன்று எளியவர்களின் கூடமாகிவிட்டது. வெயில் தணிந்ததும் சனத்திரள் வந்து சேர்கின்றது. சிறுவர் ராட்டினத்தில் ஏறுகின்றனர்; இளைஞர் துப்பாக்கி கொண்டு பலூன்களைச் சுடுகின்றனர்; மிளகாய் பஜ்ஜி எண்ணெயிற் பொரியும் மணம் உப்புக்காற்றோடு கலந்து வீசுகின்றது. தேங்காயும் மாங்காயும் கலந்த பட்டாணிச் சுண்டலைக் கூவி விற்கும் பையன்கள் கூட்டத்தினூடே புகுந்து வருகின்றனர். நாம் கச்சான் என்று கூறும் வேர்க்கடலை ஒரு கடதாசிச் சுருளில் வருகின்றது. அச்சுருளை நடுவில் வைத்து ஒரு குடும்பமே மாலைப்பொழுதைக் கழித்துவிடுகின்றது. கிராமத்திலிருந்து வந்த மூதாட்டியர் செருப்பைக் கையிலே பிடித்தபடி அலையில் கால் நனைத்து, சிறுமியரைப்போல் நகைக்கின்றனர். நீரோட்டம் கொடியது, ஆகையால் நீராடலாகாது என்னும் எச்சரிக்கைப் பலகைகளும் அங்கே உள. அவற்றை மீறி உயிரிழப்போர் உண்டு என்பது வருந்தத்தக்கது.

இம்மணல் பொழுதுபோக்குக்கு மாத்திரம் உரியதன்று. 1923ஆம் ஆண்டிலே சிங்காரவேலர் இந்தியாவின் முதலாவது மே தின விழாவைச் சென்னையில் நடத்தியபோது, அதற்கான கூட்டங்களுள் ஒன்று திருவல்லிக்கேணிக் கடற்கரையிற் கூடிற்று. 1959இல் நிறுவப்பெற்ற, தேவி பிரசாத் ராய் சௌத்திரி வடித்த உழைப்பாளர் சிலையிலே நால்வர் பெரும்பாறையொன்றைப் பெயர்க்க முயல்கின்றனர். 1968இல் நடந்த இரண்டாவது உலகத் தமிழ் மாநாட்டையொட்டி வள்ளுவர், ஔவையார், கம்பர் முதலியோர்க்குச் சிலைகள் எழுந்தன. 2017ஆம் ஆண்டுத் தைத்திங்களிலே சல்லிக்கட்டுத் தடையை எதிர்த்து மாணவர் பெருந்தொகையினராய் இரவு பகலாக அமர்ந்திருந்ததும் இங்கேதான்.

எனினும், மெரீனாவை மாலையில் மட்டும் கண்டு திரும்புபவர் அதன் பாதியையே கண்டவராவர். விடியற்காலையில் நொச்சிக்குப்பத்துப் பக்கம் செல்லுதல் வேண்டும். படகுகள் கரையேறுகின்றன, ஆடவர் வலையிலிருந்து மீனைப் பிரித்தெடுக்க, பெண்கள் அதனைக் கூறுகட்டி விலைபேசுகின்றனர். நமக்கு உலாவிடமாகத் தோன்றும் மணல் அவர்களுக்கு வலை உலர்த்தும் முற்றம். அவர்தம் குப்பங்கள் உலாச்சாலைக்கு முந்தியவை. ஆயினும் கடற்கரையை அழகுபடுத்தவேண்டும் என்னும் பேச்சு எழும்போதெல்லாம் அவர்களுடைய படகும் வலையுமே இடையூறாகக் கருதப்படுகின்றன. 1985இல் அவற்றை அகற்ற முற்பட்டபோது எழுந்த கிளர்ச்சியிலே காவற்படையினர் சுட, மீனவர் உயிரிழந்தனர். 2004 டிசெம்பர் 26ஆந் தேதி ஆழிப்பேரலை நம் நாட்டுக் கரைகளைச் சூறையாடிய அதே காலையில், இக்குப்பங்களையும் தாக்கியது. 2023இல் சாலையோர மீன்கடைகளை அகற்றுவது பற்றிப் பூசல் மூண்டது. மறு ஆண்டிலே அங்கே புதிய மீன் அங்காடி திறக்கப்பட்டது. கூரையும் நீர்வசதியும் நல்லனவே. ஆயின், கடலையும் கரையையும் நம்பி வாழ்வோரை வினவாது செய்யப்படும் அழகு எவருக்குரிய அழகு என்பதே கேள்வி.

மகிழ்ச்சி தந்த காட்சியொன்றையும் கூறவேண்டும். சக்கர நாற்காலியில் செல்வோர் மணலைக் கடந்து அலையருகே வருதற்பொருட்டு, 2022இன் இறுதியிலே மரத்தாலான பாதையொன்று அமைக்கப்பட்டது. சில நாள்களிலேயே மாண்டஸ் புயல் அதனைச் சிதைத்தது. சிதைந்ததென்று கைவிடாமல் அதனை மீண்டும் சீர்செய்தனர். கடலை அதுகாறும் தொலைவிலிருந்தே கண்டவர்கள் அதன் அருகே வந்து காற்றைப் பெறுகின்றனர்.

நம் கொழும்பு நகரத்துக் காலிமுகத் திடலும் ஓர் ஆளுநரால் உலாவிடமாக அமைக்கப்பட்டு, இன்று எல்லோருக்கும் உரியதாகி நிற்பதே. கரையோர நிலத்தின் விலை இரு நாடுகளிலும் நாளுக்கு நாள் ஏறுகின்றது. கடலை நோக்கி உயர்ந்த மாளிகை எழுப்புதல் பணமுள்ள எந்த நகருக்கும் இயலும். காசின்றி வருபவன் அமர்வதற்கு மணலும், கடலை நம்பி வாழ்பவன் படகேற்றுவதற்குக் கரையும் விட்டுவைத்தல் நீதியுள்ள நகருக்கே இயலும். அந்த நீதியை நமது பிள்ளைகளுக்குக் கற்பிப்பதற்கு, மாலையிலே ஒரு முறையும் விடியலிலே ஒரு முறையும் அவர்களைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லுதல் நன்று.