அடியும் அச்சும்
(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



பனியன் நகரத்தில் நடைபெறும் இலக்கிய விழாவில், காலணி செய்பவரின் கையிலிருக்கும் ஒரு மரக்கட்டையைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்ற வினா எழுதல் இயல்பு. அவ்வினாவுக்குத் தமிழே விடை தந்துவிடுகிறது. காலுக்கும் அடி என்று பெயர். கவிதையின் வரிக்கும் அடி என்று பெயர். யாத்தல் என்றால் கட்டுதல். செய்யுளைக் கட்டுவதால் அது யாப்பு. தளை என்பது சீர்களை இணைக்கும் கட்டு. கால்விலங்குக்கும் அதுவே பெயர். காலையும் கவிதையையும் இத்தனை சொற்களால் பிணைத்து வைத்த மொழியில், காலச்சு என்பது கவிஞர்க்கு அயலான பொருளன்று.

காலச்சு என்பது யாது? மூடிய காலணி செய்யும்போது உள்ளே பாதத்திற்குப் பதிலாக இருக்கும் பாத வடிவமே அது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தொழிற்கூடங்களில் அதை 'லாஸ்ட்' என்றே வழங்குவர். அந்த ஆங்கிலச் சொல்லின் பழம்பொருள் அடிச்சுவடு என்பதாகும். நடந்து போனவரின் சுவடே பிறகு அவருக்குக் காலணி செய்யும் கட்டைக்குப் பெயராயிற்று. தமிழில் சுவடு என்னும் சொல்லின் பக்கத்திலேயே சுவடி என்னும் சொல்லும் நிற்பதைப் புலவர்கள் கண்டு மகிழலாம்.

திருப்பூருக்கும் இதற்கும் ஓர் உறவு உண்டு. ஒரு வேற்றுமையும் உண்டு. 'ஹோசியரி' என்ற சொல் காலுறையைக் குறித்து எழுந்தது. அப்பெயரைத் தாங்கிய இந்நகரமோ மார்பை மூடும் பனியனால் பெயர் பெற்றது. பின்னல் துணி கண்ணிகளால் ஆனது; ஒவ்வொரு கண்ணியும் இழுத்தால் விரியும், விட்டால் சுருங்கும். ஆகவே 85, 90, 95 என்று சென்டிமீட்டரில் மார்பளவைக் குறித்துவிட்டு, அட்டையை வைத்து அடுக்கடுக்காகத் துணியை வெட்டினால் போதும். அணிபவரின் உடலே மீதி வேலையைச் செய்துகொள்ளும். தோல் அப்படிப்பட்டதன்று. அதைத் தட்டையாகத் தைத்தால் தட்டையாகவே கிடக்கும். குதிகாலின் உருட்சியும் புறவடியின் ஏற்றமும் அதில் வரவேண்டுமானால், ஒரு வடிவத்தின் மேல் போர்த்தி, இடுக்கியால் இழுத்து, ஆணியறைந்து, காயும்வரை காத்திருத்தல் வேண்டும். துணி உடலிடம் வடிவம் கேட்கிறது. தோல் அச்சிடம் கேட்கிறது.

கொங்கு நாட்டுப் பழஞ்செருப்புக்கு அச்சு தேவைப்படவில்லை. அணிபவரின் காலைத் தோலின்மேல் வைத்துச் சுற்றிலும் கோடு கீறி, அடித்தோலை வெட்டி, வாரும் விரல்வளையமும் தைத்தால் மிதியடி ஆயிற்று. அங்கே அச்சாக அமர்ந்தது அணிபவரின் காலேயாகும். மூடிய காலணி வந்த பிறகே மரக்காலின் தேவை வந்தது.

அந்த மரக்காலில் ஒரு சிக்கல் உண்டு. காலணி முடிந்ததும் அச்சை வெளியே எடுத்தாக வேண்டும். காலணியின் வாயோ குறுகலானது. உள்ளே இருக்கும் அச்சோ நீண்டது. ஒரே மரத்தாலான அச்சை வலிந்து இழுத்தால், பாடுபட்டு அமைத்த வடிவமே கெடும். இதற்குத் தொழில்வல்லார் இரண்டு வழிகளைக் கண்டனர். ஒன்று, புறவடியின் மேற்பகுதியை ஆப்புப்போல் தனியே செதுக்கிப் பொருத்துவது. முதலில் அந்த ஆப்பை எடுத்துவிட்டால் பிறகு அச்சு எளிதாக வெளிவரும். மற்றொன்று, அச்சின் நடுவே பிளந்து கீல் அமைப்பது. குதிப்பகுதி மேலே மடங்கும்போது நீளம் குறைந்து அச்சு வழுவி வந்துவிடும்.

அளவைத் திருத்திக்கொள்ளவும் வழி உண்டு. ஒருவருக்கு மட்டுமே காலணி செய்யும் கைவினைஞர், அவருடைய பாதத்தில் எலும்பு புடைத்த இடத்தை அறிந்து, அச்சில் அவ்விடத்தே தோல் துண்டை ஒட்டுவார். பாதம் மெலிந்த இடத்தில் அரத்தால் தேய்ப்பார். கட்டை பழையதாக இருக்கும். ஒட்டும் துண்டு மட்டும் புதியதாக இருக்கும். பொது அச்சு ஒருவரின் தனிக்காலாக மாறுவது அந்தச் சிறு துண்டினாலேயே.

யாப்பறிந்தோர் இந்நேரம் புன்முறுவல் பூத்திருப்பர். காலணிக்கு அளவெண்கள் உள்ளனபோல் அடிக்கும் உள்ளன: இருசீர் குறளடி, முச்சீர் சிந்தடி, நாற்சீர் அளவடி, ஐஞ்சீர் நெடிலடி, அதனினும் மிக்கது கழிநெடிலடி. ஓசை குறையும் இடத்தில் உயிரை நீட்டி நிரப்பும் அளபெடை, அச்சில் ஒட்டிய தோல் துண்டு. சொல்லை அதன் இயல்பான இடத்தில் பிரிக்காது சீருக்கேற்பப் பிளக்கும் வகையுளி, அச்சின் நடுவே வைத்த பிளவு. அளவுக்கு வெளியே நின்றும் பாட்டோடு சேர்ந்தே ஒலிக்கும் தனிச்சொல்லுக்குக் கூன் என்று பெயரிட்டனர்; உடலின் புடைப்பை இலக்கணமே ஏற்றுக்கொண்டது. மரபு இறுகிய விலங்கு என்று சொல்வோரும், மரபை மீறினால் கவிதையே இல்லை என்று சொல்வோரும் இந்தக் கீலையும் துண்டையும் ஒருசேர நோக்குதல் நன்று. 1971இல் கோவையில் வானம்பாடி இதழ் தோன்றிய காலந்தொட்டு இம்மண்டலத்தில் நடந்துவரும் வழக்கு அது. அச்சு இருக்க வேண்டுமா என்பதோடு வழக்கு முடிந்துவிடவில்லை. அந்த அச்சு யாருடைய காலைப் பார்த்துச் செதுக்கப்பட்டது என்ற வினா எஞ்சி நிற்கிறது.

வரலாறு அவ்வினாவைத் தெளிவாக்குகிறது. ஐரோப்பாவில் பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளின் காலணிகள் பெரும்பாலும் இடம் வலம் என்ற வேறுபாடின்றிச் செய்யப்பட்டவை. ஒரே நேரான அச்சில் இரண்டு காலணிகளும் பிறந்தன. காலே நாளடைவில் அவற்றை இடமாகவும் வலமாகவும் பழக்கிக்கொண்டது. 1819இல் அமெரிக்காவில் தாமசு பிளான்சார்டு என்பவர், ஒரு மாதிரி வடிவத்தைத் தடவிச் சென்று அதேபோல் மரத்தைக் கடையும் இயந்திரத்தைக் கண்டார். துப்பாக்கிக் கட்டைக்காகப் பிறந்த அப்பொறி, காலச்சுகளையும் ஒன்றுபோல் பலவாகக் கடைந்து தந்தது.

அச்சில் தோலை இழுத்துப் பொருத்தும் வேலை மட்டும் கையிலேயே நின்றது. நாளொன்றுக்கு 50 இணை முடிப்பதே தேர்ந்த கைக்கு வரம்பாக இருந்தது. அவ்வரம்பை உடைத்தவர் சான் மாட்செலிகர். 1852இல் தென்னமெரிக்கச் சுரிநாமில் கறுப்பினத் தாய்க்குப் பிறந்து, அமெரிக்காவின் லின் நகரக் காலணித் தொழிற்கூடத்தில் கூலியாளாக உழைத்தவர். 1883இல் அவர் காப்புரிமை பெற்ற இயந்திரம் நாளொன்றுக்கு 150 முதல் 700 இணை வரை முடித்தது. நிறத்தின் பொருட்டு அந்நகரத் தேவாலயங்கள் சில அவரை ஏற்க மறுத்தன. 1889இல் முப்பத்தாறு வயதில் காசநோய் அவரைக் கொண்டுபோயிற்று. காலணியை எளியோர்க்கும் எட்டும் விலைக்குக் கொண்டுவந்தவருக்கு நடக்கும் இடம் மறுக்கப்பட்டது. இச்செய்தி தொலைநாட்டுச் செய்தியாகக் கொங்கு மண்ணில் ஒலிக்காது.

இங்கே தோலைப் பதப்படுத்தியும் தைத்தும் வாழ்ந்தவர் அருந்ததியர். கிணற்றிலிருந்து கவலை இறைக்கும் பறியும் அதன் தோல் வாலும் அவர்கள் கையால் ஆயின. உழவரின் செருப்பும் அவர்கள் கையால் ஆயிற்று. கூலி தானியமாக அளக்கப்பட்டது. பறியின்றிப் பயிரில்லை; செருப்பின்றிக் கரிசல் வெயிலில் நடையில்லை. ஆயினும் ஊரார்க்கெல்லாம் செருப்புத் தைத்தவர், ஊர்த்தெருவில் அதை அணிந்து நடத்தல் குற்றமாகக் கருதப்பட்டது. கழற்றிக் கையில் பிடித்துச் செல்லுமாறு ஆக்கப்பட்டது. அளவெடுக்க எத்தனையோ கால்களைத் தொட்ட கைக்குத் தன் காலை மூட உரிமை இருக்கவில்லை.

மின்மோட்டார் வந்ததும் பறி போயிற்று. தொழிற்சாலைச் செருப்பு வந்ததும் கைச்செருப்பும் குறைந்தது. அவர்தம் பிள்ளைகளுள் பலர் திருப்பூரின் பனியன் கம்பெனிகளுக்கு வந்து ஓவர்லாக் பொறியின் முன்னும் துணியடுக்கின் முன்னும் அமர்ந்தனர். அம்மக்களின் சிறுவர் வாழ்வை 2000இல் வெளிவந்த பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' நாவல் இலக்கியமாக்கியது. 2009இல் தமிழ்நாடு அரசு அருந்ததியர்க்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வழங்கச் சட்டம் இயற்றியது. பட்டியல் சாதியினருக்குள் உட்பிரிவு செய்ய மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2024 ஆகஸ்டு 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. பொது அளவில் அடங்காத இடத்தில் தனித்துண்டு ஒட்டுவது சலுகையாகாது. கால் உள்ளவாறு அச்சைத் திருத்துவதே ஆகும்.

அளவு என்பதும் பார்க்கத் தோன்றுவதுபோல் நடுநிலையானதன்று. தமிழர் எட்டு நெல்லை ஒரு விரல் என்றும் பன்னிரு விரலை ஒரு சாண் என்றும் கணக்கிட்டனர். ஆங்கிலேயர் ஒரு வாற்கோதுமை மணியின் நீளமான அங்குலத்தில் மூன்றிலொரு பங்கைக் காலணியின் ஒரு எண்ணாகக் கொண்டனர். அவர்கள் சென்ற பின்னும் அந்த மணி இங்கே தங்கிவிட்டது. இந்தியப் பாதம் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களினும் அகலமானது. அயல்நாட்டு அச்சில் பிறந்த காலணி நீளத்தில் சரியாயிருந்தால் அகலத்தில் நெருக்கும். நெருக்கத்திற்கு அஞ்சியவர் ஓர் எண் பெரிதாக வாங்குவர். முன்னே வெறுமை, பக்கத்தில் நெருடல். தன் கால்தான் கோணல் என்று எண்ணிக்கொண்டே ஒருவர் வாழ்நாள் முழுதும் நடந்துவிடுவதும் உண்டு.

இதைத் திருத்தும் முயற்சி சென்னையில் நடந்தது. 1948இல் தோன்றிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாட்டின் 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை முப்பரிமாணக் கருவிகளால் அளந்தது. இந்தியர்க்கு ஐந்து வகை அளவுமுறைகளேனும் வேண்டியிருக்கும் என்று தொடக்கத்தில் எண்ணப்பட்டது. அளந்து பார்த்தபோது ஒரே முறை போதும் என்று தெரிந்தது. பெண்களின் பாதவளர்ச்சி ஏறத்தாழ 11 வயதிலும், ஆண்களின் வளர்ச்சி 15, 16 வயதிலும் உச்சம் அடைவதும் புலப்பட்டது. எட்டு அளவுகளைக் கொண்ட அப்புதிய முறைக்குப் 'பாரத்' என்பதன் முதலெழுத்தையே பெயராக முன்மொழிந்தனர். தமிழ் எழுத்தில் அதை எழுதினால் 'பா' என்றாகிறது! வெண்பாவும் ஆசிரியப்பாவும் யாத்த மொழிக்கு, காலின் அளவுக்கும் பா என்று பெயர் வாய்த்தது தற்செயலே. எனினும் கவிஞர்கள் விட்டுவிடக்கூடிய தற்செயலன்று.

அளவு தவறினால் என்ன நேரும் என்பதை வேலூர் அறிந்திருக்கிறது. 1946 முதல் அங்குக் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய மருத்துவர் பால் பிராண்டு, தொழுநோயாளரின் விரல்கள் ஏன் அழிகின்றன என்று ஆராய்ந்தார். நோய் நேரே விரலைத் தின்பதில்லை. உணர்வு மரத்துப்போனதால், காயம் பட்டும் வலி தெரியாமல் மீண்டும் மீண்டும் அவ்விடத்தையே அழுத்தி நடப்பதால் அழிவு நேர்கிறது என்று கண்டார். வலிக்கின்ற கால் உரியவரிடம் முறையிடும்; மரத்த கால் முறையிடாது. எனவே அக்காலின் சார்பில் காலணி செய்பவரே உணர வேண்டியதாயிற்று. வேலூரிலும் காரிகிரியிலும் நுண்துளை இரப்பரால் மெத்தென்ற காலணிகள் உருவாயின. அப்பாதைதான் இன்று நீரிழிவால் உணர்விழந்த பாதங்களுக்கும் உதவுகிறது. வழக்கமான அச்சில் அடங்காத ஒரு காலுக்காக அச்சைத் திருத்திய கை, அக்காலை வெட்டாமல் காத்தது.

கவிஞர்க்கு இதில் பாடம் உண்டு. பேச முடியாத வலியின் சார்பில் உணர்தல் கவிதையின் பழந்தொழில். இரவுப்பணி முடிந்து பின்னலாடைக் கூடத்திலிருந்து வீடு திரும்பும் பெண்ணின் கால், நாளெல்லாம் நின்றே தேய்ப்புப்பெட்டி பிடித்தவரின் கால், சாயப்பட்டறையின் ஈரத்தில் ஊறிய கால் — இவற்றின் நடையோசை இந்நகரத்தின் பாட்டில் எந்த அடியில் இடம்பெற்றிருக்கிறது? குறளடியோ கழிநெடிலடியோ, மரபோ புதியதோ, எந்த அச்சும் குற்றமுடையதன்று. காலைத் தொட்டுப் பார்க்காமல் செதுக்கிய அச்சே குற்றமுடையது.

காலணி முடிந்த அன்று கைவினைஞர் கடைசியாகச் செய்வது அச்சை வெளியே எடுப்பது. கீல் மடங்குகிறது, கட்டை வழுவி வருகிறது, உள்ளே ஒரு வெற்றிடம் எஞ்சுகிறது. அவ்வெற்றிடத்திற்காகவே அத்தனை ஆணியும் இழுப்பும் காத்திருப்பும். அதில் இனி ஒரு மனிதர் காலை வைத்து நடப்பார். பத்தாண்டுகள் யாத்தும் திருத்தியும் கூடியிருந்த இவ்வட்டத்தின் பாடல்களிலும், யாத்தவரின் கட்டை வெளியேறிய பின், பிறர் ஒருவர் கால்வைக்கும் இடம் இருக்குமானால் விழா பொருளுடையதாகும். தைத்தவரும் அதே காலணியை அணிந்து எந்தத் தெருவிலும் நடக்கும் நாளே, அடி என்னும் சொல்லின் இரு பொருளும் ஒன்றாகும் நாள்.