வெள்ளிக்கிழமை 13-ம், 851 பெயர்களும்

இங்கிலாந்தில் யார்க்‌ஷயரோட கிழக்குக் கரையில் பிரிட்லிங்டன்னு ஒரு கடலோர ஊர். அதுக்குத் தெற்கே கொஞ்ச தூரத்தில் லிஸ்ஸெட்னு ஒரு குட்டிக் கிராமம். ஆன்சைட் போயிருந்தப்போ ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்க போனேன். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானங்கள் கிளம்பின தளம் அது. ரன்வே, ஹேங்கர்னு பெருசா எதிர்பார்த்துப் போனா, இருக்கறது வயல். நடுவில் 12 காற்றாலை. ரன்வேயைப் பெரும்பாலும் பெயர்த்து எடுத்தாச்சு. அங்கங்க கான்கிரீட் துண்டு மிச்சம், அவ்வளவுதான்.

ஆனா ரோட்டோரத்தில் ஏழு பேர் நிக்கிறாங்க. துருப்பிடிச்ச உருக்குத் தகட்டில் வெட்டின உருவங்கள், பீட்டர் நெய்லர்ங்கிற சிற்பி செஞ்சது. காற்றாலை வந்தப்போ அதோட சேர்ந்து வந்த நினைவுச்சின்னம், 2009-ல் திறந்தாங்க. ஏழு ஏன்னா, ஒரு ஹாலிஃபாக்ஸ் விமானத்துக்கு ஏழு பேர். பைலட், இன்ஜினியர், வழி சொல்றவர், குண்டு போடறவர், வயர்லெஸ்காரர், துப்பாக்கிக்காரர் ரெண்டு பேர். கிட்ட போனாத்தான் தெரியும், உடம்பு முழுக்க எழுத்து. இந்தத் தளத்தில் இருந்த 158-வது ஸ்குவாட்ரனில் செத்துப்போன 851 பேரோட பெயர். நான் படிக்க ஆரம்பிச்சு, பாதியில் நிறுத்திட்டேன். கடல் காத்து அப்படி.

இந்த ஸ்குவாட்ரன்ல ஒரு விமானம் ரொம்பப் பிரபலம். 'ஃப்ரைடே த தர்ட்டீன்த்'. வேணும்னே ராசியில்லாத பேரா வெச்சு, மண்டையோடு, தலைகீழ் குதிரை லாடம்னு வரைஞ்சு விட்டாங்க. அது 128 தடவை போய்த் திரும்பி வந்துச்சு. போர் முடிஞ்சதும் லண்டன் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் காட்சிக்கு வெச்சுட்டு, அப்புறம் காயலான் கடைக்கு அனுப்பிட்டாங்க! படம் வரைஞ்ச மூக்குத் தகடு மட்டும் தப்பிச்சு லண்டன் மியூசியத்தில் இருக்கு. எல்விங்டன் மியூசியத்தில் இருக்கற ஹாலிஃபாக்ஸுக்கும் இப்போ அதே பேர்தான். ஆனா அது மறுபடி கட்டினது. அதோட உடம்பில் ஒரு பகுதி, ஸ்காட்லாந்துத் தீவு ஒண்ணில் கோழிக்கூண்டா இருந்தது.

நம்ம ஆளுங்களுக்கு சர்வைவர்ஷிப் பயஸ் தெரிஞ்சிருக்கும். ஏப்ரஹாம் வால்ட், திரும்பி வந்த விமானத்தில் இருக்கற ஓட்டைகளை வெச்சு, திரும்பாததுக்கு எங்க அடிபட்டிருக்கும்னு கணக்குப் போட்டவர். இன்டர்வியூவில் நானே பத்து தடவை சொல்லியிருப்பேன். லிஸ்ஸெட்லதான் அது உறைச்சது. ஒரு தடவை போனா நூத்துக்கு நாலு விமானம் திரும்பாதுன்னு வைங்க. கேட்க சின்ன நம்பர். ஒரு சுற்றுக்கு 30 தடவை போகணும். 0.96-ஐ 30 தடவை பெருக்கிப் பாருங்க: நூத்துக்கு 29 பேர்தான் மிஞ்சுவாங்க. பாம்பர் கமாண்டில் பறந்தவங்க சுமார் 1,25,000. செத்தவங்க 55,573. பெரும்பாலும் இருபதுகளில் இருந்த பசங்க. என்னை விடச் சின்னவங்க.

ஊருக்கெல்லாம் தெரியறது அந்த ராசிக்கார விமானம். அந்த உருக்குத் தகட்டில் இருக்கறது மத்த டேட்டா.

அதோட நிறுத்தினா நானும் அதே தப்பைப் பண்றேன். இவங்க சும்மா பறக்கப் போகலை. 1943 ஜூலை கடைசியில் ஹாம்பர்க் மேல குண்டு போட்டதில் தீப்புயலே கிளம்பி, 35,000 பேருக்கு மேல செத்தாங்க. பலர் வீட்டு நிலவறையிலேயே. அந்த நகரத்தோட ஓல்ஸ்டார்ஃப் கல்லறைத் தோட்டத்தில் அவங்களைச் சிலுவை வடிவத்தில் கூட்டமாப் புதைச்சிருக்காங்க. பல பேர் யாருன்னே அடையாளம் தெரியாத நிலைமை. அதனால குழி மேல கிடக்கற மரச்சட்டங்களில் ஆள் பேர் இல்லை. எந்தப் பேட்டைக்காரங்கன்னு பேட்டைப் பேர் மட்டும் செதுக்கியிருக்கு. நான் இன்னும் அங்க போகலை.