கை வைக்காத பயிற்றுநர்

(ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சி ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் பள்ளிகளுக்கு வரும் பி.எட். பயிற்சி மாணவர்களுக்கு எப்படி வழிகாட்டுவது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். மதியச் சாப்பாடு முடிந்த நேரம். கோட்பாடு பேசினால் பாதிப் பேர் தூங்கிவிடுவீர்கள். அதனால் ஒரு விமானத்தின் கதையைச் சொல்கிறேன். இயற்பியல் ஆசிரியன் என்பதால் விமான விபத்து அறிக்கைகளைப் படிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. நம் வேலைக்கு இவ்வளவு நெருக்கமாக வந்த அறிக்கை வேறொன்றை நான் படித்ததில்லை.

2017 மார்ச் 8. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள வில்லோ ரன் விமான நிலையம். இரண்டாம் உலகப் போரின்போது ஃபோர்டு நிறுவனம் குண்டுவீச்சு விமானங்களைக் கட்டிய இடம் அது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து அணி ஒரு போட்டித் தொடருக்காக வாஷிங்டன் புறப்படுகிறது. எம்.டி. 83 வகையைச் சேர்ந்த வாடகை விமானம். பணியாளர்களையும் சேர்த்து 116 பேர். அன்று பேய்க்காற்று.

விமானி அறையில் இருவர். இடது இருக்கையில் இருந்த கேப்டன் அனுபவசாலிதான். ஆனால் இந்த வகை விமானத்துக்கு அப்போதுதான் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தார். வலது இருக்கையில் அவரை மதிப்பிடும் பயிற்றுநர். விமானத்தின் பொறுப்பு பயிற்றுநருடையது, ஓட்டுகிறவர் கேப்டன். வகுப்பின் கடைசி பெஞ்சில் நோட்டுடன் உட்கார்ந்திருக்கும் நம்மைப் போலத்தான் அந்தப் பயிற்றுநர்.

இப்போது கொஞ்சம் இயற்பியல். விமானத்தின் வாலில் இரண்டு அசையும் பலகைகள் உண்டு. எலிவேட்டர் என்பார்கள். விமானி கைப்பிடியைத் தன் பக்கம் இழுத்தால் அவை மேல்நோக்கித் திரும்பி வாலை அழுத்தும், மூக்கு எழும். இந்த வகை விமானத்தில் கைப்பிடி அந்தப் பலகையை நேராக அசைப்பதில்லை. பலகையின் பின்விளிம்பில் உள்ள சிறு பட்டையை மட்டுமே அசைக்கும். விமானம் வேகமெடுத்ததும் எதிர்க்காற்று அந்தப் பட்டையில் மோதி, அதன் விசையால் பெரிய பலகை திரும்பும். அழகான ஏற்பாடு. ஆனால் நிற்கும் விமானத்தில் பலகையைப் பிடித்துவைக்க எதுவும் இல்லை. காற்றடித்த பக்கம் ஆடும்.

புறப்படுவதற்கு முன் அந்த விமானம் இரண்டு நாள் நின்ற இடத்திலேயே நின்றது. அருகில் ஒரு பெரிய கொட்டகை. அதைத் தாண்டிச் சுழன்று வந்த காற்று வலதுபக்க எலிவேட்டரை அடித்து அடித்து, அதன் இணைப்புத் தண்டை எல்லை மீறித் தள்ளிவிட்டது. பலகை கீழ்நோக்கியபடியே சிக்கிக்கொண்டது. அது தரையிலிருந்து சுமார் 30 அடி உயரத்தில் இருக்கிறது. விமானத்தைச் சுற்றிவந்து பார்த்தவர்களுக்கு அது தெரியவில்லை. விமானி அறையிலிருந்து வாலைப் பார்க்க முடியாது.

புறப்படும் முன் கைப்பிடியை முன்னும் பின்னும் அசைத்துப் பார்ப்பது விதி. பார்த்தார்கள். சுலபமாக அசைந்தது. அசையத்தானே செய்யும்? அசைந்தது சிறு பட்டை மட்டும். சோதனையில் தேறிவிட்டார்கள், பழுது பழுதாகவே மேலே இருந்தது.

“புரிஞ்சுதா?” என்று நாம் கேட்க, “புரிஞ்சுது சார்” என்று நாற்பது குரல் ஒன்றாக வருமே, அதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

ஓடுபாதையில் ஒரு குறிப்பிட்ட வேகம் உண்டு. வி ஒன் என்று பெயர். அதைத் தொடும்வரை புறப்பாட்டைக் கைவிடலாம். மிச்சமிருக்கும் பாதைக்குள் நின்றுவிட முடியும். அதைத் தாண்டிவிட்டால், ஓர் இன்ஜினே நின்றுபோனாலும் மேலே எழும்பியாக வேண்டும். தாமதமாக நிறுத்தி ஓடுபாதையை விட்டு ஓடிய விபத்துகளிலிருந்து கற்ற பாடம் இது. விமானிகளுக்கு இதைத் திரும்பத் திரும்பப் பயிற்றுவிப்பார்கள்.

விமானம் வி ஒன்னைத் தாண்டியது. மணிக்கு 250 கிலோமீட்டருக்கு மேல் வேகம். கேப்டன் கைப்பிடியை இழுத்தார். மூக்கு எழவில்லை. இன்னும் இழுத்தார். எழவில்லை. புறப்பாட்டைக் கைவிடுவதாக அறிவித்துவிட்டு இன்ஜின் விசையைக் குறைத்தார்.

விதிப்படி பார்த்தால் தவறு. ஆனால் அந்த விதிக்குள் சொல்லப்படாத ஒரு நிபந்தனை இருக்கிறது: விமானம் பறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். இது பறக்காது என்பது கைப்பிடியைப் பிடித்திருந்த ஒருவருக்குத்தான் தெரியும். பயிற்றுநருக்குத் தெரிய வழியில்லை. அவர் வாயிலிருந்து முதலில் வந்தது மறுப்புதான். அவர் அத்தனை ஆண்டு கற்றதும் கற்பித்ததும் அப்படித்தான் சொல்ல வைக்கும். ஆனாலும் கை வைக்கவில்லை. புறப்பாட்டைக் கைவிடும் முடிவைக் கேப்டன் எடுத்துவிட்டால் மற்றவர் அதற்கு ஒத்துழைக்க வேண்டும் என்பது நடைமுறை. அந்த இரண்டு மூன்று நொடியில் அதற்குக் கட்டுப்பட்டார்.

அவர் விசையைத் திரும்பக் கூட்டியிருந்தால்? நினைக்கவே நடுங்குகிறது.

விமானம் ஓடுபாதையைத் தாண்டி ஆயிரம் அடிக்கு மேல் ஓடி, வேலியை உடைத்து, சாலையருகே போய் நின்றது. 116 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். ஒருவருக்கு மட்டும் சிறு காயம். ஓடுபாதைக்கு அப்பால் உள்ள நிலத்தைச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் விதிப்படி சமன்செய்து நீட்டியிருந்தார்கள். தாமதமாக நிறுத்த நேர்ந்தாலும் பிழைக்க இடம் இருந்தது. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2019இல் அறிக்கை தந்தது. உயிர்கள் தப்பியதற்குக் கேப்டனின் முடிவையும், பயிற்றுநரின் கட்டுப்பாட்டையும், அந்த நிலத்தையும் காரணமாகச் சொன்னது. அணி மறுநாள் வேறு விமானத்தில் போய், பயிற்சிச் சட்டையோடு விளையாடி வென்றது. கோப்பையையும் அவர்களே வாங்கினார்கள் என்பது உபரிச் செய்தி.

இதை உங்களிடம் சொல்ல எனக்கொரு காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஒரு பயிற்சி மாணவி வந்திருந்தார். ஒன்பதாம் வகுப்பு, அடர்த்தி பாடம். நான் கடைசி பெஞ்சில். பிள்ளைகள் சூத்திரத்தைத் தடுமாறாமல் சொன்னார்கள். கணக்கும் சரியாகப் போட்டார்கள். அப்போது அந்தப் பெண் கையிலிருந்த சாக்பீஸை இரண்டாக உடைத்து, “இப்ப இதோட அடர்த்தி எவ்வளவு?” என்று கேட்டார். “பாதி” என்றாள் முன்வரிசைப் பெண். இன்னும் நான்கு பேரைக் கேட்டார். பாதி, பாதி. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு கரும்பலகை முழுவதையும் அழித்தார்.

மணியடிக்கப் பதினைந்து நிமிடம் இருந்தது. பாடத்திட்டப்படி அன்று மிதத்தல் விதியைத் தொட்டிருக்க வேண்டும். நான் எழுந்து போய், “நீங்க உட்காருங்கம்மா” என்று சொல்லி, அவர் கையிலிருந்து சாக்பீஸை வாங்கி, மிதத்தல் விதியை எழுதி முடித்தேன். அவருடைய மதிப்பீட்டுத் தாளில் “நேர மேலாண்மை தேவை” என்றும் எழுதினேன். முன்வரிசைப் பெண் அடர்த்தி பாதியாகும் என்ற எண்ணத்தோடுதான் பத்தாம் வகுப்புக்குப் போயிருப்பாள்.

அந்தப் பயிற்சி மாணவி இப்போது ஓர் அரசுப் பள்ளியில் ஆசிரியர். சென்ற ஆண்டு ஒரு முகாமில் சந்தித்தோம். அந்த வகுப்பைப் பற்றி நானாகவே பேச்செடுத்தேன். தவறு என்னுடையது என்றேன். “அதெல்லாம் ஒண்ணுமில்ல சார்” என்று சிரித்தார். பிறகு, “ஆனா இப்பவும் யாராவது பார்வையிட வந்தா நடுவுல நிறுத்த மாட்டேன் சார். பாடத்தை முடிச்சிடுவேன்” என்றார்.

அடுத்த மாதம் பயிற்சி மாணவர்கள் உங்கள் பள்ளிகளுக்கு வருகிறார்கள். மதிப்பீட்டுத் தாளின் மாதிரியைக் கொண்டுவந்திருக்கிறேன். அதில் நேரத்துக்கு ஐந்து மதிப்பெண் இருக்கிறது. பாடத்தை இடையில் நிறுத்திப் பிள்ளைகளின் குழப்பத்தைக் கண்டுபிடித்தவருக்கு எந்தக் கட்டத்தில் மதிப்பெண் போடுவது என்று எனக்கே தெரியவில்லை. அதை இப்போது சேர்ந்து பார்ப்போம்.